குட்டிப் பைனஸ்

போன ஐப்பசியில் சரிந்த மேடு இது.
ஒஹியா தாண்டி, சுரங்க வாய்க்கு இடப்பக்கம்
தண்டவாளத்தை வளையலாய் வளைத்துவிட்டு
கீழே போய் உட்கார்ந்த மண்.
பதினொரு நாள் கோச்சி இல்லை.
பன்னிரண்டாம் நாள் மெனிக்கே ஊர்ந்து வந்தபோது
சன்னலெல்லாம் தலைகள், கையெல்லாம் போன்கள்.
எங்கள் மண்வெட்டிகளையும் சேர்த்துப் படமெடுத்தார்கள்.

செம்மண் மாதக்கணக்கில் வெறுமனே கிடந்தது.
மானாப்புல்கூட எட்டிப் பார்க்கவில்லை.
முதலில் வந்தது இதுதான்:
ஒரு சாண் உயரம், கிளைக்குள் கிளை,
நுனியெல்லாம் கவிழ்ந்து,
யாரோ ஒரு பைனஸ் காட்டைத்
தீப்பெட்டிக்குள் அடக்கப் பார்த்தது போல.
குட்டிப் பைனஸ் என்கிறோம். வேறு பெயர் தெரியாது.
மாடு தின்னாது. சாமிக்குச் சூட்டப் பூக்காது.
சந்தனசாமி மட்டும் மகளின் சடங்குப் பந்தலில்
கட்டுக் கட்டாய்ச் செருகினான்.
வாழை வாடியது, இது வாடவில்லை.

பேராதனையிலிருந்து நிலூஃபர் என்றொரு பெண் வந்தாள்.
கழுத்தில் ஒரு கண்ணாடி வில்லை.
மேட்டில் குப்புறக் கிடந்தாள், அட்டை கடித்தும் எழவில்லை.
"பூ என்ற ஒன்று வருவதற்கு முந்தியது" என்றாள்,
எங்களுக்கா செடிக்கா என்று தெரியவில்லை.
பூ இல்லை, தேனீ இல்லை,
கத்துவதற்கு ஒரு குருவியும் இல்லை.
அந்தச் சேற்றில் இதன் சொந்தக்காரர்கள்
உடும்புத்தோல் போலச் செதிற்பட்டையோடு
தந்திக்கம்பம் மூன்றை அடுக்கிய உயரத்தில் நின்றார்களாம்.
நேர் வாரிசு அல்ல, பங்காளி வழி.
விழுந்து, புதைந்து, நசுங்கி
நிலக்கரி ஆனார்களாம்.

நான் குனிந்து ஜல்லியைக் கிளறினேன்.
இருக்கும் அங்கே, தோண்டினால் இன்னும் இருக்கும்,
கரிக்கோச்சிக் காலத்துக் கசடு,
ஓட்டை ஓட்டையாய், எடையே இல்லாமல்.
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
ஒன்றும் சொல்லாமல் மோந்து பார்த்தாள்.

அப்படியென்றால்
பெரியவர்கள் எரிந்து எரிந்து இந்த ஏற்றத்தை இழுத்தபோது
சின்னவர்கள் இதே மேட்டில்
தலை கவிழ்ந்து நின்றிருக்கிறார்கள்.
புகை மேலே விழுந்திருக்கும்.
சீமைக் கரி கப்பலில் வந்தது.
நாங்களும் கப்பலில் வந்தோம்.
ஒரே துறையில்கூட இறங்கியிருக்கலாம்.
கரியிடம் யாரும் பதிவுச் சீட்டுக் கேட்டதில்லை.
எரிகிற வரைக்கும் எவருக்கும் ஆட்சேபம் இல்லை.

போகும்போது அவள் ஒரு நுனியைத் தட்டிக் காட்டினாள்.
வெளிர் மஞ்சள் தூள், மாவைவிட மென்மை.
விரலில் பூசிக் காணுக்குள் விட்டு எடுத்தால்
விரல் நனையவில்லை!
ஒஹியாவில், கம்பளி காயாத, தீக்குச்சி காயாத,
நெஞ்சுச் சளி காயாத ஒஹியாவில்
காய்ந்த ஒரு விரல்.
சந்தனசாமி ஒரு பிடி சேர்த்து
பீடிக்கு உரசிய நெருப்பில் ஊதினான்.
பக்கென்று ஒரு வெளிச்சம், ஒரு நொடி,
சுரங்கத்தின் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது.
புருவத்தில் பாதி போயிற்று அவனுக்கு.
அரைமணி நேரம் சிரித்தோம்.

சனிக்கிழமை பெரியவர் டிரொலியில் வருகிறார்,
மேடு மொட்டையாய் இருக்க வேண்டும் என்றார் திலகசிறி.
இருந்தது.
கத்தி பட்ட இடமெல்லாம் மஞ்சள் எழும்பி,
மாலைக் கோச்சி இழுத்த காற்றோடு
சுரங்கத்துக்குள் போயிற்று.
அந்தப் பக்கமும் ஒரு சரிவு இருக்கிறது,
இன்னும் யாரும் அளக்காதது.

ராத்திரி, அடுப்புக்கு எட்டத்தில் நின்று
சட்டையை உதறினேன்.
மழை பிடித்துக்கொண்டது.
செம்பில் கையை விட்டு எடுத்துப் பார்த்தேன்:
நாலு விரல் சொட்டியது.
ஒன்று சொட்டவில்லை.